பலகையை மறைக்காமல்

பலகையில் எழுதி முடித்ததும் மூன்றடி நகர்ந்து சன்னலோரம் நின்றுகொள்வது என் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், நீங்க ஒண்ணும் கண்ணாடி இல்லியே" என்றது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தாலும் சொன்னதில் தப்பில்லை. வாத்தியாரின் முதுகைப் பார்த்து யாரும் கணக்குக் கற்றுக்கொள்ள முடியாது. அன்றிலிருந்து எழுதுவேன், நகர்வேன், மனத்துக்குள் இருபது வரை எண்ணுவேன், அவர்கள் எழுதி முடித்ததும் திரும்பிப் போவேன். இருபத்தாறு வருடம் இப்படியே ஓடிவிட்டது. நல்ல வாத்தியார் என்று என்னைப் பற்றி நாலு பேர் சொல்லியிருந்தால் அதற்கு இந்த மூன்றடியும் ஒரு காரணம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே மூன்றடியில் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுப்பேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் கல்லூரிக்கு அந்த அறை வந்து இரண்டு வருடம் இருக்கும். காரைக்காலுக்கு எது வந்தாலும் புதுச்சேரியிலிருந்துதான் வர வேண்டும். கோப்பு, கையெழுத்து, புது முதல்வர், பழுதான மின்விசிறிக்கு மாற்று, எல்லாமே நடுவில் அடுத்த மாநிலத்தைக் கடந்து கடற்கரைச் சாலையில் குலுங்கிக்கொண்டுதான் வரும். இந்த அறையும் அப்படியே ஒரு வேனில் வந்து இறங்கியது. பின்சுவரில் உயரத்தில் ஒரு கேமரா. கூரையில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு மைக்கும் ஸ்பீக்கரும். பலகைக்கு இடது பக்கம் ஒரு பெரிய திரை. மேசைமேல் இதையெல்லாம் இயக்க ஒரு சின்னத் திரை. அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தலாம் என்றார்கள்.

இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த இளம் இன்ஜினியர் எங்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். முக்கால் மணி நேரம் டீ வருவதற்குக் காத்திருந்தோம். மீதிக் கால் மணியில் அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். "சார், நீங்க எங்க போனாலும் அது உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க அதைக் கண்டுக்கவே வேணாம்." நான் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் கையை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று அமைப்புகளுக்கெல்லாம் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு அவர் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பெண் இறுதியாண்டு கணிதம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிறவள். அப்பா படகுக்குப் போகிறார், அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் போகிற ஒரு தம்பி. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இதயமும் பலவீனம் என்பதால் பாண்டியிலேயே தங்கவைத்து வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்வதுதான் நல்லது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசி செமஸ்டர் தொடங்கும்போது என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், அம்மாகூட நாந்தான் இருக்கணும். அங்கேருந்தே கிளாஸ் பாக்கலாமா சார்?"

"பாக்கலாமே. அதுக்குத்தானே இவ்ளோ பெரிய கேமராவ மாட்டிட்டுப் போயிருக்காங்க."

"இந்த செமஸ்டர் எல்லாத்தையும் பாஸ் பண்ணிட்டா, பாண்டியிலயே எம்.எஸ்ஸி. போட்டுருவேன் சார். அப்போ படிச்ச மாதிரியும் இருக்கும், அம்மாகூட இருந்த மாதிரியும் இருக்கும்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா அம்மாகூட சித்தி வந்து தங்கிக்கிறேன்னுருக்காங்க. நான் இங்க வந்து அப்பாவுக்கும் தம்பிக்கும் ஆக்கிப்போடணும்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். நான் அன்றைக்கே மனு எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, துறைக்கெல்லாம் தெரிவித்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்று மத்தியானம் வயிறார மீன்குழம்பு சாப்பிட்டேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

முதல் வாரம் தொல்லை சத்தத்தால் வந்தது. அவளுடைய போனிலிருந்து ஆஸ்பத்திரி மொத்தமும் எங்கள் வகுப்புக்குள் இறங்கியது. டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள், தள்ளுவண்டி உருள்கிறது, யாரோ யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நான் ஒரு சூத்திரத்தை எழுதிவிட்டுத் திரும்பினால் கூரையிலிருந்து ஒரு நர்ஸ், "யாரும்மா இங்க செருப்போட வர்றது" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நாள் அந்தச் சத்தங்களுக்கு நடுவில் ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதறுவது கேட்டது. யார் வீட்டு இழவோ தெரியாது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கதறல் எங்கள் தலைக்கு மேல் தெளிவாக, பக்கத்தில் நின்று அழுவது போலவே கேட்டது. நான் மேசைக்குப் போய் என் மாணவியின் போனிலிருந்து வந்த சத்தத்தை நிறுத்தினேன்.

"உன் மைக்க இங்கேயே நிறுத்தி வைக்கறேன்மா. ஏதாவது கேக்கணும்னா எழுது" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அது சங்கடமாக இருக்கக் கூடாது என்றுதான் செய்தேன். அதற்குப் பிறகு செமஸ்டர் முடியும்வரை அதைத் திறக்கவே இல்லை.

அவள் எழுதினால் அது பெரிய திரையில்தான் தெரியும். பெரிய திரை எரிந்தால் பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் என் முகம் பெரிதாக வேறு தெரியும். என் வழுக்கையை நானே அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அப்போதுதான். அதனால் அதையும் அணைத்துவிட்டேன். மேசையின் சின்னத் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் இருக்கும். பச்சை இருந்தால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுப்பேன். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்று அறை கோரஸாகச் சொல்லும். நான் பின்சுவரைப் பார்த்து அவளுக்கும் சேர்த்துத் தலையாட்டுவேன்.

எங்கள் துறையில் மற்ற மூன்று பேரும் கணினியில் பக்கம் பக்கமாகத் தயார் செய்து திரையில் போட்டு வாசிப்பார்கள். நான் அவர்களைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "என்ன, இன்னைக்கு சினிமா எத்தனை ரீல்?" என்பேன். கணக்கு கையிலிருந்து வர வேண்டும், ஒவ்வொரு வரியாகப் பிறக்க வேண்டும், பிள்ளைகள் அது பிறப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அந்தக் கட்சியை விடவில்லை. ஆனால் முன்போல் சத்தமாகப் பேசுவதில்லை.

நடுவில் உள்தேர்வு எழுத அவள் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என் தாளில் மட்டும் மார்க் படுமோசம். முதல் கணக்கைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியிருந்தாள், இரண்டாவதிலும் அப்படியே. எனக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பரவால்ல சார். சார், அந்த கேமரா வந்து..."

"கேமரா எல்லாம் நல்லா வேலை செய்யுது. நீ அதப் பத்திக் கவலைப்படாத. மனசத் தைரியமா வச்சுக்க, கணக்கு தானா வரும்."

"இல்ல சார், நீங்க எழுதிட்டு..."

"எழுதறத எழுதிக்க, புரியலேன்னா சாட்ல கேளு. சரியா?"

"சரிங்க சார்."

கேட்டாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வாத்தியாரிடம் இரண்டு முறைக்கு மேல் ஒன்றைச் சொல்வது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமில்லை. இரண்டு முறை சொன்னால் அது மரியாதை, மூன்றாவது முறை எதிர்த்துப் பேசுவது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சௌகரியத்தில்தான் இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன்.

தேர்வு முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். என் பாடத்தில் ஃபெயில். சினிமா ஓட்டினவர்கள் பாடத்திலெல்லாம் நல்ல மார்க்.

பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். உடனே கோபம் வந்தது. இவ்வளவு செய்து கொடுத்தும் இந்தப் பெண் படிக்கவில்லையே என்று. மறுகூட்டலுக்கு எழுதிப் போட அவள் வந்த அன்று அந்தக் கோபத்தோடுதான் இருந்தேன். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"நோட்டக் காட்டு" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நல்ல தடிமனான நோட்டு, காக்கி அட்டை போட்டது. நான் பார்த்த நோட்டுகளிலேயே சுத்தமானது அதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி, தலைப்பு, அதன் கீழ் கோடு. ஒரு நாள்கூட விடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கட்டம் கட்டி வெற்றாக விட்டிருந்தாள். கட்டத்துக்கு வெளியே நான் பேசியதெல்லாம் நீல மையில் வரிக்கு வரி இருந்தது.

"இதையும் இதையும் பெருக்கி இங்க போடுங்க. இப்ப இந்த வரிசையிலேருந்து அந்த வரிசையக் கழிங்க. என்ன வருது? ம். அதேதான். அத இங்க கொண்டாந்தா முடிஞ்சுபோச்சு."

அடுத்த பக்கம்.

"இது தெரிஞ்சா அது தெரியும். அது தெரிஞ்சா இத விட்டுருங்க. இத நல்லாப் பாத்துக்குங்க, எக்ஸாமுக்கு இது நிச்சயம்."

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இருபத்தாறு வருட அனுபவம் முழுக்க இது, அது, இங்கே, அங்கே என்று கிடந்தது. கணக்கு மட்டும் இல்லை. நான் கனைத்ததைக்கூட ஓரிடத்தில் எழுதிவைத்திருந்தாள்.

"என்னம்மா இது? கட்டமெல்லாம் காலியா இருக்கு?"

"அது போர்டுல இருந்தது சார். அப்புறமா வாங்கி எழுதிக்கலாம்னு எடம் விட்டேன்."

"போர்டு உனக்குத் தெரியலையா?"

"நீங்க எழுதறப்ப உங்க முதுகு தெரியும் சார். எழுதிட்டு நீங்க சன்னலுக்கு வந்துடுவீங்க. கேமராவும் உங்ககூட வந்துடும்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அல்லது விளங்கிவிட்டது, ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. அவளை அந்த அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் இயக்கிவிட்டு, அவளுடைய போனை வாங்கி நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளைப் பலகையில் ஏதாவது எழுதிவிட்டு என்னை மாதிரியே நகரச் சொன்னேன். அவள் ஒரு சின்னக் கணக்கை எழுதினாள். போனில் அவளுடைய பின்னல் தெரிந்தது. பிறகு மூன்றடி நகர்ந்து சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அப்படித்தான் நிற்பேன் போலிருக்கிறது. பின்சுவரில் கேமரா மெதுவாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. போனில் இப்போது அவள் முகம், சன்னல் கம்பி, வெளியே பூவரச மரம். பலகை இல்லை.

இருபது வரை எண்ணினேன். பலகை வரவேயில்லை.

அறையில் இருந்தவர்களுக்குப் பலகையை மறைக்கக் கூடாது என்று நான் நகர்ந்த ஒவ்வொரு முறையும், அவள் கண்ணிலிருந்து பலகையைக் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நகராமல் ஒழுங்கு கெட்டவனாகப் பலகை முன்னாலேயே நின்றிருந்தால்கூட தோளுக்கு மேல் பாதிக் கணக்காவது தெரிந்திருக்கும். சினிமா ஓட்டினவர்களின் பக்கங்கள் கேமராவுக்கு வேலையே இல்லாமல் நேராக அவள் போனுக்குப் போயிருக்கின்றன.

"யார்கிட்டயாவது வாங்கி எழுதியிருக்கலாமே?"

"முன் பெஞ்சுல இருக்குறவ தினமும் போர்ட போட்டோ எடுத்து அனுப்பறேன்னு சொன்னா சார். அதுக்குள்ள நீங்க போன எடுத்தா வெளிய போன்னு சொல்லிட்டீங்க."

சொன்னேன். போன்களைப் போட்டுவைக்க ஒரு பெட்டிகூட வாங்கி வைத்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்குத்தான் சங்கடமாகிவிட்டது போல. என்னைத் தேற்றுகிற மாதிரி, "அந்த மரத்துல காக்கா கூடு கட்டுச்சு சார். முட்டையிட்டு, குஞ்சு பறந்து போனவரைக்கும் பாத்தோம்" என்றாள்.

அவள் போன பிறகு மேசைத் திரையில் தேடி, சேமித்து வைத்திருந்த சாட் பதிவைத் திறந்தேன். அதைத் திறக்கக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. செமஸ்டர் முழுக்க யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம்.

முதல் வாரம்: "சார், போர்டு தெரியல." "சார், சன்னல்கிட்ட நிக்காதீங்க சார், போர்டு தெரியல." "சார், ஒரே ஒரு தடவ போர்டுகிட்ட வாங்க." இரண்டாவது வாரமும் அதேதான், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது வாரம் "சார்?" என்று மட்டும். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. தினமும் தொடக்கத்தில் "வணக்கம் சார்", முடிவில் "நன்றி சார்". நடுவில் ஒரு நாள், "அம்மாவுக்கு மயக்கமா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் சார்." பதினெட்டு நிமிடம் கழித்து, "வந்துட்டேன் சார். மன்னிக்கணும்." அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் எதையோ எழுதிவிட்டுச் சன்னலோரம் நின்றுகொண்டிருந்திருப்பேன்.

அறைக்கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை.

அடுத்த நாள் புதுச்சேரிக்குப் போன் செய்தேன். இன்ஜினியர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், அது ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல. ஆளைப் பின்தொடராம போர்டையே பாக்குற மாதிரி மாத்திக்கலாம், ஒரே ஒரு பட்டன்தான்."

"எங்க இருக்கு அந்தப் பட்டன்?"

"உள்ள இருக்கு சார். பாஸ்வேர்டு போன்ல தரக் கூடாது. காலேஜ்லேருந்து லெட்டர் அனுப்புங்க, வர்றப்ப மாத்திக் குடுத்துடறேன்."

முதல்வரிடம் போனேன். நல்ல மனிதர், என்னை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், அட்டெண்டன்ஸ் நூத்துக்கு நூறு. காலேஜ்லயே யாருக்கும் இல்ல. வகுப்பே நடக்கலேன்னா ஏதாவது செய்யலாம். வகுப்பு நடந்திருக்கு, பொண்ணும் இருந்திருக்கா. என்னன்னு எழுதறது?"

"வாத்தியார் தப்புன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லியே சார் படிவத்துல."

நானே எழுதினேன். மூன்று பக்கம். இந்தப் பெண் ஒரு செமஸ்டர் முழுக்க என் முகத்தையும் ஒரு மரத்தையும் மட்டுமே பார்த்தாள், அதற்கு முழுப் பொறுப்பும் நான், தனித்தேர்வு வைத்தால் என் செலவில் வந்து மேற்பார்வை செய்கிறேன் என்றெல்லாம் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் பதில் வந்தது, நாலு வரி. மாணவியின் வருகைப் பதிவு முழுமையாக உள்ளது, உள்தேர்வு எழுதியுள்ளார், செமஸ்டரில் புகார் எதுவும் பதிவாகவில்லை, அடுத்த அரியர் தேர்வை எழுதலாம். படித்தேன். எதிர்த்து ஒரு வரி எழுத முடியவில்லை, ஏனென்றால் எல்லாமே உண்மை. அவள் இருந்தாள் என்பதற்கு என்னிடமே ஆதாரம் இருக்கிறது. அந்தப் பச்சைப் புள்ளியை நானே தினமும் பார்த்தேன்.

கடைசி நாள் வந்தது, போனது. அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "சரிங்க சார்" என்றாள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். அடுத்த வருடம் அம்மா இருப்பாளா என்று அவள் என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சித்தி புதுச்சேரிக்குப் போனார். அவள் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்துவிட்டாள். அரியருக்காகச் சனிக்கிழமைகளில் அதே அறையில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் வருவாள். முன் பெஞ்சில் உட்காருவாள். நான் எழுதிவிட்டு நகர்வேன், அவள் பார்த்து எழுதுவாள். அந்தக் காலிக் கட்டங்களில்தான் எழுதினாள், புது நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எல்லாம் சுலபமாக வந்தது அவளுக்கு. இதில் போய் ஃபெயில் ஆனோமா என்று அவளே ஒரு நாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாம் என்று இரண்டு ஞாயிறு மாதா கோயில் வரிசையில் நின்றேன். பத்துக் கட்டளையில் எதற்குள் இது வரும் என்று தெரியாமல் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

இன்ஜினியர் மூன்று மாதம் கழித்து வந்தார். பட்டனை அழுத்தினார். கேமரா இப்போது பலகையையே பார்க்கிறது, நான் எங்கே நின்றாலும் அசைவதில்லை. அந்தப் பக்கத்தில் பார்க்கத்தான் இப்போது யாரும் இல்லை. இந்த வருடம் வீட்டிலிருந்து படிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலக வேலையாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, அவளிடம் வார்டு எண் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் படுத்திருக்கிற ஒரு தாய்க்கு அது யாரால் என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் நாலு மணி நேரமும் வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எந்திரம். எந்தக் கட்டில் என்று தெரியாமல் வாசலில் நின்றபோது, மூன்றாவது கட்டிலில் குழாய் செருகிய கையை அசைக்காமல் ஓர் அம்மா மற்றக் கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"சார், வாங்க சார்."

"என்னைத் தெரியுமாம்மா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க. ஆறு மாசமா தினமும் பாத்த மொகம். இந்தா, இங்கதான் எம்பொண்ணு போன சாச்சு வைக்கும். தண்ணி பாட்டில்ல." கட்டிலோரத்தைக் காட்டினார். "அது ஒரு பக்கம் எழுதும், நான் ஒரு பக்கம் உங்களையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மிஷின்ல கெடக்குற நாலு மணி நேரம் போகணுமே சார். எனக்குக் கணக்கு என்ன தெரியும். ஆனா எழுதிட்டு எழுதிட்டு ஓரமா வந்து நின்னு, புள்ளைங்க எழுதட்டும்னு பொறுமையா நிப்பீங்க பாருங்க. அது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

பக்கத்து ஸ்டூலில் இருந்த சித்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

"எம்பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளேன்னு மனசுல வச்சுக்காதீங்க சார். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. நான் பாத்தேன்ல. எனக்கு முடியாமப் போச்சு, அதான் அதுக்குக் கவனம் இல்ல. எல்லாம் என்னாலதான்."

"இல்லம்மா" என்றேன். "உங்களால இல்ல. அவ மேலயும் தப்பில்ல. தப்பு என்னுது. நான் நின்ன எடம் தப்பு. அதனால அவளுக்குப் போர்டு தெரியல."

அவர் சித்தியைப் பார்த்து, "பாத்தியா, எம்மேல பழி வந்துறக் கூடாதுன்னு தாம்மேல போட்டுக்குறாரு" என்றார். என் பக்கம் திரும்பி, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்.

நான் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். இரண்டு முறை சொன்னாலும் மூன்று முறை சொன்னாலும் இந்த அம்மா நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. எந்திரம் ஏதோ சத்தம் கொடுத்தது. நர்ஸ் வந்து, "கொஞ்சம் நகருங்க சார், மறைக்காதீங்க" என்றார். நான் மூன்றடி நகர்ந்து சன்னலோரம் நின்றேன். நர்ஸ் குனிந்து குழாயைச் சரிசெய்தார். அந்த அம்மா எந்திரத்தையும் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை. தலையணையில் முகத்தைத் திருப்பி, சிரித்த முகமாக, என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.